பாண்டிமீனாவின் முன்தேர்வு

அக்டோபர் 9, திங்கள்

பி.எட். கல்லூரியில் 'பிரதிபலிப்பு நாட்குறிப்பு' என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் வாரம் ஒரு பக்கம் எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, டிசம்பரில் மதிப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். போன வாரம் அதில், "ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உடையது என்பதை இவ்வாரம் உணர்ந்தேன்" என்று எழுதினேன். உண்மையில் நான் உணர்ந்தது, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அறுபத்திரண்டு பெண்களுக்கு இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று ஓடாது என்பதைத்தான். அதனால் இந்த இரண்டாவது நோட்டை வாங்கினேன். இதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இன்று நான் பாடம் நடத்தவே இல்லை. வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றினேன், மூன்று வகுப்புகளுக்கு ஆள் இல்லாத பீரியடில் போய் உட்கார்ந்தேன், ஹெச்.எம். அறையில் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். பயிற்சி ஆசிரியை என்றால் பள்ளிக்குக் கிடைத்த ஓசி ஆள் என்று அர்த்தம்.

பள்ளியின் முன்வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 12, வியாழன்

தனியாள் ஆய்வுக்கு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கற்றலில் சிரமப்படும் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, முன்தேர்வு வைத்து, சில வாரங்கள் சொல்லிக் கொடுத்து, பின்தேர்வு வைத்து, வளர்ச்சியைக் காட்ட வேண்டும். இதற்கு மட்டும் ஐம்பது மதிப்பெண். என் வழிகாட்டி கற்பகவள்ளி டீச்சரிடம் கேட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாண்டிமீனாவ எடுத்துக்கம்மா. ரெக்கார்டு நல்லா வரும்."

மூன்றாவது வரிசையில் ஓரத்தில் உட்காரும் பெண். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். பக்கத்துப் பெண் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக முணுமுணுக்க, இவள் அதைக் கேட்டு உரக்கச் சொல்வாள். இரண்டு மாதமாக நானும் அவள் வாசிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். இன்று பக்கத்துப் பெண் லீவு. பாண்டிமீனா எழுந்து நின்றாள். புத்தகத்தைப் பார்த்தாள். வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

நான் படித்த காலத்தில் எப்போதும் முதல் பெஞ்சு. பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும் வேலை எனக்குத்தான். இப்படி நின்றுகொண்டே இருந்தவர்கள் என் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். எனக்கு ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

அக்டோபர் 18, புதன்

முன்தேர்வு வைத்தேன். இருபத்தைந்து கேள்விகள், ஐந்தாம் வகுப்புத் தரம், வாசித்துப் பதில் எழுத வேண்டும். ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள். வியர்த்துவிட்டது அவளுக்கு. பதினொன்று சரி.

தாளில் சிவப்பு மையில் 11/25 போட்டுக் கொடுத்தேன். நேரம் போதாது என்று கைவிட்டுவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பாசா டீச்சர்?" என்றாள்.

"பாஸ்தான்" என்றேன். தாளை நான்காக மடித்துப் பையின் முன்பக்க ஜிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

இவள் மேதை ஒன்றும் இல்லை. மறைந்து கிடக்கும் மாணிக்கம் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் சாதாரணப் பிள்ளை, எழுத்து மட்டும் அவளிடம் முரண்டு பிடிக்கிறது. கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் பாதிக்கு மேல் சொல்லிவிடுகிறாள். 'உள்ளடக்கிய கல்வி' தாளில் இதைப் பற்றிப் பதினாறு மதிப்பெண் கட்டுரை எழுதியிருக்கிறேன். மருத்துவச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, வாசித்துக் காட்ட ஆள் உண்டு. அந்தக் கட்டுரைக்கு எனக்குப் பதினான்கு.

அக்டோபர் 20, வெள்ளி

அறையில் மழை ஒழுகுகிறது. பக்கெட் வைத்திருக்கிறோம். என்னோடு தங்கியிருக்கும் ஷாஜிதாவும் இதே பள்ளியில்தான் பயிற்சி. இரண்டு பேரும் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தோம்.

என் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணா? கூறுகெட்டவளே, முன்தேர்வுல கொறச்சுப் போட்டாத்தானடி பின்தேர்வுல வளர்ச்சி வரும்" என்றாள். "ஒரு மாசத்துல பதினொண்ணு பதிமூணாகும். அதுக்கு யாரு மார்க் போடுவா? போன வருசத்து அக்காங்க ரெக்கார்டப் பாரு, எல்லாத்துலயும் நாலு, அஞ்சுதான்."

பார்த்தேன். உண்மைதான். யாருடைய ஆய்வுப் பிள்ளையும் முன்தேர்வில் ஐந்தைத் தாண்டவில்லை.

4/25 என்று எழுதினேன். அதற்குப் பொருத்தமாகக் குறைபாடுகளையும் கொஞ்சம் தாராளமாக எழுத வேண்டியதாயிற்று. எல்லோரும் செய்வதுதான். இதனால் யாருக்கும் நட்டமில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் குடும்பப் பின்னணி எழுத வேண்டும். மாலை போனேன். மந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பாண்டிமீனாவின் அம்மா பவுன்தாய் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தார். காலை ஆறு மணி ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் களை வெட்டப் போனால் திரும்ப ஐந்தரை ஆகிறது. கணவர் திருப்பூரில். வருவதில்லை. இதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளைக் கடைக்குப் போய் எனக்காகக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். மகள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜூன் மாசமே கூப்புட்டு விட்டாக டீச்சர். டி.சி. வாங்கிக்கங்க, வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கங்கன்னாக. பத்தாவதுல பெயிலாயிருவாளாம், பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப் போயிருமாம். நா மாட்டேன்னுட்டேன்."

"நல்லதுதான்க்கா செஞ்சீங்க" என்றேன்.

"அடுத்த பள்ளிக்கூடம் ஒம்போது மைலு. நா ஆறு மணிக்கே மலையேறிருவேன், யாரு இவள பஸ்ஸேத்தி விடுறது? நின்னுச்சுன்னா எங்கூட ஜீப்புலதான் ஏறணும். பாஸாகணும்னுகூட நா சொல்லல டீச்சர். பத்தாவது எழுதுச்சுன்னு இருக்கணும். நா அஞ்சாவதோட நின்னேன், அதும் நா நிக்கல, நிப்பாட்டிட்டாக."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏலக்காய்ச் செடியின் கறை ஏறிய கை. "இம்புட்டு வருசத்துல ஒரு டீச்சரு எங்க வீட்டுக்கு வந்தது இதான் மொதத்தடவ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறைக்கு வந்ததும் அதையெல்லாம் ரெக்கார்டில் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

ரெக்கார்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஹெச்.எம். முத்திரை வேண்டும். அதனால் எழுதியவரைக்கும் அவர் அறையில் கொடுத்துவிட்டேன். பின்தேர்வுப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மேசையில் ஏற்கெனவே இருபது ரெக்கார்டு. வருவதற்கு இரண்டு வாரம் ஆகும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் அரை மணி நேரம் பாண்டிமீனாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று ஒரு பத்தி முழுவதையும் யாரும் முணுமுணுக்காமல் வாசித்தாள். பதினோரு நிமிடம் ஆனது. முடித்ததும் இருவருமே களைத்துப்போய்ச் சோற்றைப் பிரித்தோம்.

நவம்பர் 10, வெள்ளி

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "டீச்சராகிட்டா" என்கிறார். இன்னும் ஆகவில்லை அப்பா என்றால் கேட்பதில்லை.

நவம்பர் 20, திங்கள்

பின்தேர்வு. பதினாறு சரி. அதைப் பதினாறு என்றேதான் எழுதப் போகிறேன். நாலிலிருந்து பதினாறு.

நவம்பர் 23, வியாழன்

மூன்றாவது பீரியடில் ஹெச்.எம். கூப்பிட்டதாக ஆள் வந்தது. ஹெச்.எம். வசந்தமல்லிகா மேடத்தின் மேசையில் என் ரெக்கார்டு திறந்திருந்தது. எதிரில் பவுன்தாய் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறார், நல்ல சேலை கட்டியிருந்தார். கதவோரம் பாண்டிமீனா.

"வினோதினி, இத நீதானம்மா எழுதுன?"

"ஆமா மேடம்."

"அவங்களுக்கு இந்த எழுத்தெல்லாம் படிக்க வராது. நீயே வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுத்துகளை இனங்காண்பதில் கடுமையான குறைபாடு. கவனக் குவிப்பு மிகக் குறைவு. வயதுக்குரிய கற்றல் நிலையிலிருந்து ஐந்து வகுப்புகள் பின்தங்கியுள்ளாள். முன்தேர்வில் இருபத்தைந்துக்கு நான்கு. என் கையெழுத்து அழகாக இருக்கும், எங்கும் தடுமாறவில்லை.

"நாங்க சொன்னா வேண்டாதவங்க சொல்றதா நெனச்சீங்க" என்றார் மேடம். "இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கே வந்து, உங்க மககூட ஒரு மாசம் உக்காந்து எழுதியிருக்கு. பத்தாவதுல பெயிலாகி வீட்ல உக்காந்தா அது அவளுக்குத்தான் அவமானம். யோசிங்க."

பவுன்தாய் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இது நீங்க எழுதுனதா டீச்சர்?"

"பின்தேர்வுல பதினாறு வாங்கியிருக்காக்கா" என்றேன்.

"நீ பக்கத்துல உக்காந்து பழக்கி விட்டா வரத்தான் செய்யும்" என்றார் மேடம். "பரீட்ச ஹால்ல யாரு உக்காருவா? அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ எழுதுனதுதான?"

"ஆமாக்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் பவுன்தாய். ஜூன் மாதம் மாட்டேன் என்று சொன்ன அதே மனுசி. "நீங்க எழுதுனா சரியாத்தேன் இருக்கும்."

சொந்த விருப்பத்தின் பேரில் மகளை நிறுத்திக்கொள்வதாகக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார் மேடம்.

பாண்டிமீனாவை நான் பார்க்கவில்லை. திரும்பியபோது அவள் வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள்.

நவம்பர் 24, வெள்ளி

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் மேடத்திடம் சொல்லிவிட்டேன். நாலு இல்லை, பதினொன்று. வளர்ச்சி காட்டுவதற்காகக் குறைத்துப் போட்டேன். எல்லா ரெக்கார்டும் அப்படித்தான்.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பதினொண்ணா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாம்மா. இந்த லிஸ்ட்ல இன்னும் நாலு பேரு இருக்கு. ரிசல்ட் கொறஞ்சா அட்மிஷன் கொறையும். போன வருசம் ரெண்டு போஸ்ட் போச்சு. அதுல ஒருத்தி ரிட்டயராக மூணு வருசம் இருந்தது, எங்கேயோ தூக்கிப் போட்டாங்க. நானா ஆசப்பட்டா செய்றேன்?"

"மருத்துவச் சான்று வாங்கினா சலுகை இருக்கு மேடம். நான் அழைச்சிட்டுப் போறேன்."

"நீ அடுத்த மாசம் போயிருவ."

பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு செய்யி. ரெக்கார்டுல பொய்யா எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுக் குடு. நான் அந்தம்மாவக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா முத்திரை வச்சது நானு. உங்க காலேஜுக்கு ஒரு நகல் அனுப்பாம இருக்க முடியாது. அது என் கடமை."

நகல் போனால் ரெக்கார்டு செல்லாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். இன்னொரு வருடம், அதுவும் திரும்பச் சேர்த்துக்கொண்டால்.

"புதன்கிழமைக்குள்ள கொண்டாறேன் மேடம்" என்றேன்.

நவம்பர் 25, சனி

துணி துவைத்தேன். கடைசிப் பாடவேளைக்கு அட்டை செய்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு

பவுன்தாயிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. மந்தை வரை போனேன். சொன்னால் அவர் மேடத்திடம் போய்ச் சொல்வார், மேடம் தாளை நகர்த்துவார். கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நவம்பர் 27, திங்கள்

ஷாஜிதாவிடம் சொன்னேன். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அப்புறம், "என் ரெக்கார்டுலயும் பாப்பாங்களாடி?" என்று கேட்டாள்.

அப்பா போன் செய்தார். சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாராம். ஜூனில் சேர்ந்துவிடலாமாம்.

நவம்பர் 28, செவ்வாய்

தலைவலி. நாளை காலை எழுதிக்கொள்ளலாம்.

நவம்பர் 29, புதன்

தாளில் தேதியும் 'பெறுநர்' முகவரியும் எழுதிக் கொண்டுபோனேன். மீதியை அங்கே உட்கார்ந்து எழுதுவதாக இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பதினொன்றரைக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். பவுன்தாய் கையில் பழுப்பு நிறக் கவர். பாண்டிமீனா பின்னால் போனாள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று, யாரோ ஒரு சிறுமியின் சைக்கிள் விழுந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

நான் நல்லவள் இல்லை. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

வழிகாட்டியின் கையெழுத்துக்கு அந்த இன்னொரு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை எழுதினேன். "சமவாய்ப்பு என்பது சட்டத்தால் மட்டும் வருவதன்று, ஆசிரியரின் மனத்தில் தொடங்க வேண்டும்." கற்பகவள்ளி டீச்சர் படித்தார். 'மிக நன்று' போட்டார். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஒன்பது பி-யில் இப்போது ஐம்பத்தேழு பேர். பாண்டிமீனாவின் பக்கத்துப் பெண்ணை இன்று வாசிக்கச் சொன்னேன். பழக்க தோஷத்தில் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுப்பாகவே வாசித்தாள். சத்தமா வாசி என்று நான் சொல்லவில்லை.

டிசம்பர் 6, புதன்

வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதான அம்மா, அன்பாகப் பேசினார். என் தனியாள் ஆய்வை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"நாலுலருந்து பதினாறு. ஒரு மாசத்துல. எப்படிம்மா செஞ்சே?"

வாசித்துக் காட்டுவது, விரலால் தொட்டுக் கூட்டுவது, மதிய நேரப் பயிற்சி எல்லாம் சொன்னேன். பொய் இல்லை, எல்லாம் நடந்ததுதான். உள்ளடக்கிய கல்வி என்றால் என்ன, ஒரே வரியில் சொல் என்றார். "யாரையும் வெளியே அனுப்பாமல் கற்பிக்கும் முறை மேடம்" என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"நல்ல முன்னேற்றம் மேடம்."

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு என்று வெளியே வந்ததும் கிளார்க் சொன்னார். ஷாஜிதாவுக்கு நாற்பத்திரண்டு. இனிப்பு வாங்கச் சொல்லித் தொந்தரவு செய்தார்கள். வாங்கினேன். என் பங்கை மடித்துப் பையில் வைத்தேன், ராத்திரி எறும்பு மொய்த்துவிட்டது.

டிசம்பர் 9, சனி

அறையைக் காலி செய்துகொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஷாஜிதா நேற்றே போய்விட்டாள். விடியவில்லை, தூறல். பஸ் நிற்கும் இடத்தில்தான் மலைக்குப் போகும் ஜீப்புகளும் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸுக்கே போயிருக்கலாம். தெரிந்தேதான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

பெண்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். பவுன்தாய் ஜீப்புக்குள் முன்னமே ஏறி இடம் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாண்டிமீனா இறங்கி வந்தாள். பள்ளிச் சுடிதாரின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள், முழுக்கைச் சட்டை, அவளுக்குப் பெரிது.

"ஊருக்கா டீச்சர்?"

"ஆமா."

என் பைகளில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஏதோ கேட்க வருகிறாள் என்று தெரிந்தது. அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள், காத்திருந்தேன்.

"டீச்சர், எம் பேப்பர்ல பதினொண்ணுன்னு போட்டிருந்தீக. அன்னைக்கு ஹெச்.எம். ரூம்புல நாலுன்னு வாசிச்சீக. எது டீச்சர் சரி?"

யாரும் அவளை அதைக் கேட்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனை நாள் அவளாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பதினொண்ணு" என்றேன்.

"அப்ப நாஞ் சரியாத்தான் எழுதிருக்கேன்."

"ஆமா. நீ சரியாத்தான் எழுதின. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கணக்குக்கு விடை தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். ஜீப்காரர் ஹார்ன் அடித்தார். பையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மாட்ட சொல்லிரட்டுமா டீச்சர்? எனக்கு ஒண்ணுமே வரலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

ஜீப்புக்குள்ளிருந்து பவுன்தாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை. மார்ச் ஆகும் என்றார்கள்.

"வேண்டாம்" என்றேன்.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பாண்டிமீனா ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.